கூடை வேறு, அட்டை வேறு: கடை இணையத்தளத்தில் 'ஷொப்பிங் கார்ட்' உண்மையில் என்ன செய்கிறது?

கிழக்கிலங்கையின் மருதமுனையில் கைத்தறிச் சாரனும் சாறியும் விற்கும் காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல்) ஒருவர் போன வருடம் ஒருநாள் கோல் எடுத்தார். "தம்பி, எல்லாரும் இப்ப கார்ட்லதான் வாங்குறாங்க. நம்மட சைட்டுக்கும் அதப் போட்டுத் தாங்களேன்." அவருடைய இணையத்தளம் நான் செய்து கொடுத்ததுதான்; படமும் விலையும் தொலைபேசி இலக்கமும் மட்டும் இருந்த நாலு பக்கம். சரி என்று ஒரு சனி ஞாயிறு குந்தியிருந்து, விருப்பமான சாரன்களைத் தெரிந்து சேர்த்து, விலாசம் எழுதி, ஓடர் அனுப்பும் வசதியைச் செய்து கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை மறுபடியும் கோல். "ஓடர் நாலு வந்திருக்கு தம்பி. ஆனா பேங்க்ல ஒரு சதமும் விழல்லயே?"

அவர் கேட்டது வங்கி அட்டையால் காசு வாங்கும் வசதி. நான் போட்டது சாமான் சேர்க்கும் கூடை. ஆங்கிலத்தில் அவை இரண்டும் வெவ்வேறு சொற்கள் (அட்டை card, கூடை cart), தமிழில் எழுதினால் இரண்டும் 'கார்ட்', நம் வாயில் இரண்டுமே 'காட்'. இந்த ஒரு எழுத்துக் கோளாறு எங்கள் பக்கத்தில் எத்தனை கடைக்காரர்களைக் குழப்புகிறது என்பதை அதற்குப் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். "கார்ட் போட்டால் காசு வரும்", "கார்ட் போட பேங்க் அனுமதி வேண்டும்", "கார்ட் போட்டால் ஹக் பண்ணிவிடுவார்கள்" என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள், மூவரும் பேசுவது வேறு வேறு சாமானைப் பற்றி.

ஆகவே இனி இந்தக் கட்டுரையில் சாமான் சேர்ப்பது 'கூடை', வங்கி தருவது 'அட்டை'. இதைப் பிரித்துக்கொண்டாலே பாதி விளங்கிவிடும்.

துணிக்கடையில் மூன்று மேசை

மட்டக்களப்பு நகரத்திலோ கல்முனையிலோ பெருநாளுக்கோ தீபாவளிக்கோ கொஞ்சம் பெரிய துணிக்கடைக்குள் போனவர்களுக்கு இது தெரியும். ஒரு பொடியன் துணிகளை விரித்துக் காட்டுவான். நீங்கள் இது வேண்டும், அது வேண்டாம், இதில் இரண்டு என்று சொல்லச் சொல்ல ஒரு சின்னத் துண்டில் எழுதிக்கொள்வான். நடுவில் மனம் மாறினால் ஒன்றை வெட்டுவான், இன்னொன்றைச் சேர்ப்பான். அதுவரை உங்களிடம் யாரும் காசு கேட்பதில்லை. துண்டைக் கொண்டு போய் காசாளர் மேசையில் கொடுத்தால்தான் காசு. அப்புறம் மூன்றாவது மேசையில் பொதியைக் கட்டித் தருவார்கள்.

கூடை என்பது அந்தத் துண்டு. அவ்வளவுதான். காசாளர் மேசை வேறு, பொதி கட்டும் மேசை வேறு. இணையத்தில் இந்த மூன்றும் ஒரே திரையில் அடுத்தடுத்து வருவதால் ஒரே சாமான் போலத் தெரிகிறது.

நிஜமான தள்ளுவண்டியின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1937 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரத்தில் சில்வன் கோல்ட்மன் என்ற கடை முதலாளி, வாடிக்கையாளர்கள் கையில் பிடித்த கூடை பாரமானதும் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று கண்டு, மடக்கு நாற்காலியைப் பார்த்து யோசித்து, சில்லு வைத்த வண்டியைச் செய்தார். முதலில் ஒருவரும் அதைத் தொடவில்லை. கடைசியில் ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, வாங்குபவர் போல வண்டியைத் தள்ளிக்கொண்டு திரிய விட்டுத்தான் மற்றவர்களைப் பழக்கினாராம். அந்த வண்டிக்கும் காசுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஒன்றுக்கு மேல் வாங்குவதை அது இலேசாக்கியது, அவ்வளவுதான். உங்கள் தளத்தில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு சாமான் மட்டும்தான் வாங்குவார் என்றால், உதாரணமாக ஒரே ஒரு வகைத் தேன் போத்தல் விற்கிறீர்கள் என்றால், உங்களுக்குக் கூடையே தேவையில்லை. 'வாங்க' என்று ஒரு பொத்தான் போதும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கூடை ஒரு பட்டியல். காசு வாங்குவது அடுத்த மேசை. அனுப்புவது அதற்கும் அடுத்த மேசை.

மறதிக்காரச் சேவர்

ஒரு பட்டியலை வைத்திருப்பதில் என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். கடையில் இல்லை, இணையத்தில் உண்டு.

உங்கள் தளத்தின் பக்கங்களை வைத்திருந்து, கேட்டவருக்கு எடுத்து அனுப்பும் கணினியின் பெயர் சேவர். வாங்குபவர் தன் போனில் பக்கங்களைப் பார்க்கப் பாவிக்கும் குரோம் மாதிரியான செயலி பிரவுசர். இந்த இரண்டுக்கும் இடையிலான உரையாடலில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், சேவர் கொடுக்கும், கொடுத்த கையோடு கேட்டவரை மறந்துவிடும். அதே ஆள் பத்து விநாடி கழித்து அடுத்த பக்கத்தைக் கேட்டாலும் சேவருக்கு அவர் புது ஆள்தான். துணிக்கடைப் பொடியன் நீங்கள் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் "வாங்க, என்ன பாக்குறீங்க?" என்று முதலிலிருந்து தொடங்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இந்த மறதி பிழையல்ல, வேண்டுமென்றே வைத்தது. ஒவ்வொருவரையும் ஞாபகம் வைக்கத் தேவையில்லாததால்தான் ஒரு சேவர் பெருந்தொகையானவர்களுக்குப் பதில் சொல்ல முடிகிறது. வாசிப்பதற்கு மட்டும் இருந்த பக்கங்களுக்கு அது போதும். கடை வைக்க வந்தபோதுதான் இடித்தது.

இதற்கு வழி கண்டது 1994 இல், நெட்ஸ்கேப் கம்பனியில் வேலை செய்த லூ மொன்டுல்லி. அமெரிக்காவின் எம்சிஐ என்ற தொலைபேசிக் கம்பனிக்காக இணையக் கடை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். வாங்கி முடிக்காதவர்களின் அரைகுறைப் பட்டியல்களை எல்லாம் தங்கள் சேவரில் சேர்த்து வைக்க அந்தக் கம்பனிக்கு விருப்பமில்லை. சரி, அப்படியானால் வாங்குபவரின் கணினியிலேயே ஒரு சின்னக் குறிப்பை எழுதி வைப்போம், அடுத்த முறை வரும்போது அதை அவரே காட்டட்டும் என்று செய்ததுதான் குக்கி. இன்றைக்கு எந்தத் தளத்துக்குப் போனாலும் 'குக்கிகளை ஏற்கிறீர்களா' என்று தொல்லை பண்ணுகிறதே, அதே குக்கிதான். விளம்பரக்காரர்கள் பிறகு அதைத் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பிறந்தது கூடைக் கணக்குக்காக.

குக்கியை விளங்கிக்கொள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் கிளினிக் கொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, உங்கள் வருத்தம், மருந்து, அடுத்த திகதி எல்லாம் நீங்கள் கொண்டு திரியும் கொப்பியிலேயே எழுதப்பட்டிருப்பது. இன்னொன்று, உங்கள் கையில் ஒரு இலக்கம் மட்டும், மிச்சமெல்லாம் ஆஸ்பத்திரியின் அலுமாரிக்குள். கூடைக்கும் இந்த இரண்டு வழியும் உண்டு. சின்னத் தளங்களில் முழுப் பட்டியலும் வாங்குபவரின் பிரவுசருக்குள்ளேயே இருக்கும். கொஞ்சம் பெரிய தளங்களில் பிரவுசரில் ஒரு இலக்கம் மட்டும் குக்கியாக இருக்கும், அந்த இலக்கத்துக்குரிய பட்டியல் சேவரில் இருக்கும்.

கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. கூடையிலும் அதேதான் நடக்கிறது, அதுவும் நம் ஆட்களுக்கு அடிக்கடி. காக்காவின் வாடிக்கையாளர் ஒருவர், மூன்று சாரன் சேர்த்தேன், இரவு பார்த்தால் ஒன்றும் இல்லை, உங்கள் சைட் பழுது என்று சண்டை பிடித்தார். சைட்டில் பழுதில்லை. பகலில் பேஸ்புக்கில் வந்த இணைப்பைத் தட்டியிருக்கிறார். அது பேஸ்புக் செயலிக்குள்ளேயே இருக்கும் குட்டிப் பிரவுசரில் திறந்திருக்கிறது. இரவில் குரோமைத் திறந்து பார்த்திருக்கிறார். போன் ஒன்றுதான், ஆனால் பிரவுசர் இரண்டு, கொப்பியும் இரண்டு. ஒன்றில் எழுதியது மற்றதில் இருக்காது. பெயர் பதிந்து உள்நுழைந்தவர்களுக்கு மட்டும்தான் பட்டியலை எங்கேயும் தொடர்ந்து காட்ட முடியும்.

ஆகவே, சேவர் மறக்கும், குக்கி ஞாபகப்படுத்தும், அந்த ஞாபகம் ஒரு பிரவுசருக்குள் மட்டும்.

பட்டியலில் என்ன எழுத வேண்டும், எதை எழுதவே கூடாது

இங்கேதான் தெரியாதவர்கள் செய்த கூடைகள் சறுக்குகின்றன, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கூடையில் ஒரு வரி எப்படி இருக்க வேண்டும்? 'பொருள் இலக்கம் 14, நிறம் நீலக்கட்டம், எண்ணிக்கை 2.' இவ்வளவு போதும். பொருள் இலக்கம் என்பது ஒவ்வொரு சாமானுக்கும் நீங்கள் கொடுக்கும் தனி எண். பெயரை நம்பக் கூடாது, ஏனென்றால் 'நீலச் சாரன்' என்ற பெயரில் காக்காவிடம் ஆறு வகை இருக்கிறது. நிறமும் அளவும் மாறினால் விலையோ கையிருப்போ மாறும் என்றால் அதையும் தனித்தனி இலக்கமாக்கிவிடுவது நல்லது. கைத்தறிச் சாமானில் இது பெரிய வேலை. ஒரே டிசைனில் நாலு நிறம், ஒவ்வொன்றிலும் பெரியவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் எட்டு இலக்கம். கூடை செய்வதைவிட இந்தப் பட்டியலை ஒழுங்காக எழுதத்தான் எனக்கும் காக்காவுக்கும் கூட நாள் போனது, அதுவும் தேத்தண்ணிக்கு நடுவில் அவர் புது நிறம் ஒன்றை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்.

எழுதவே கூடாதது விலை. இன்னும் சரியாகச் சொன்னால், கூடையில் எழுதியிருக்கும் விலையை நம்பக் கூடாது. திரையில் விலையைக் காட்டலாம், கூட்டுத்தொகையும் காட்டலாம், ஆனால் ஓடர் வந்து சேரும் நேரத்தில் சேவர் தன் சொந்த விலைப்பட்டியலைத் திறந்து இலக்கம் 14 இன் இன்றைய விலை என்ன என்று பார்த்துத் தானே மறுபடி கூட்ட வேண்டும். இரண்டு காரணம். ஒன்று, ஆள் போன கிழமை கூடையில் போட்டிருப்பார், நூல் விலை ஏறி நீங்கள் நேற்று விலையை மாற்றியிருப்பீர்கள். இரண்டு, பிரவுசருக்குள் இருப்பது வாங்குபவரின் கையில் இருக்கும் கொப்பி. அவர் நினைத்தால் அதில் எதையும் மாற்றி எழுதலாம். இதற்குப் பெரிய ஹக்கராக இருக்கத் தேவையில்லை. கணினியில் பிரவுசரின் உள்வேலைகளைக் காட்டும் பகுதியைத் திறக்கத் தெரிந்த ஓஎல் படிக்கும் பொடியனுக்கே 3500 ஐ 35 ஆக்க முடியும். துண்டில் விலையை வாங்குபவரே எழுத, காசாளர் அதை அப்படியே வாங்கிப் போடுவது போன்ற வேலை அது. வேறு யாராவது உங்களுக்குக் கூடை செய்து தந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கடைசிக் கணக்கை யார் கூட்டுகிறார், பிரவுசரா சேவரா?

அடுத்தது கையிருப்பு. கூடையில் போடுவது சாமானைப் பிடித்து வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கூடைகளில் அப்படி இல்லை. கைத்தறிச் சாறி ஒன்று, அந்தக் கரை வேலைப்பாட்டில் அது ஒன்றுதான் இருக்கிறது என்று வையுங்கள். அக்கரைப்பற்றில் ஒருவரும் கொழும்பில் ஒருவரும் ஒரே நேரத்தில் அதைக் கூடையில் போடலாம், தடையில்லை. யார் முதலில் ஓடரை முடிக்கிறாரோ அவருக்குத்தான் அது. மற்றவருக்கு 'முடிந்துவிட்டது' என்று காட்ட வேண்டும். அதாவது கையிருப்பு குறைவது ஓடர் முடியும்போது, கூடையில் விழும்போது அல்ல. இன்னொரு பிரச்சினையும் உண்டு, அதற்குத் தொழில்நுட்பம் மருந்தில்லை: கடைக்கு நேரில் வந்தவருக்கு அந்தச் சாறியைக் காக்கா விற்றுவிட்டு, தளத்தில் குறைக்க மறந்துவிடுவார். ஒற்றைச் சாமான்களைத் தளத்துக்கு என்று தனித் தட்டில் எடுத்து வையுங்கள் என்று சொல்லித்தான் அதைச் சமாளித்தோம்.

விலாசம் கேட்கும் பக்கம்

கூடையிலிருந்து ஓடருக்குப் போகும் படியைச் செக்அவுட் என்பார்கள். பெயர், விலாசம், தொலைபேசி, அனுப்பும் கூலி, காசு கட்டும் விதம் எல்லாம் இங்கேதான். கூடையில் சாமான் போட்டவர்களில் கிட்டத்தட்ட 70 வீதமானவர்கள் வாங்காமலே போய்விடுகிறார்கள் என்பது பேமார்ட் என்ற ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லும் சராசரி. அவர்கள் சொல்லும் பெரிய காரணம், கடைசியில் திடீரென்று வந்து ஏறும் மேலதிகச் செலவு. நம் ஊருக்கும் இது அச்சொட்டாகப் பொருந்தும். சாரன் விலையைப் பார்த்து ஆசைப்பட்டு, விலாசமெல்லாம் எழுதி முடித்த பிறகு கூரியர் காசு என்று ஒரு தொகை வந்தால் யாருக்குத்தான் எரியாது? கூலியைச் சாமான் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கூரியர்காரர்கள் பொதுவாக முதல் கிலோவுக்கு ஒரு கூலியும் அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கூலியும் எடுப்பார்கள். ஆகவே ஒவ்வொரு சாமானின் நிறையும் தளத்துக்குத் தெரிந்திருந்தால் கூலியைக் கூடையே கணக்குப் பண்ணிக்கொள்ளும். சில சாமான்களை எல்லா ஊருக்கும் அனுப்ப முடியாது என்பதையும் அதற்குச் சொல்ல வேண்டும். படுவான்கரையிலிருந்து வரும் எருமைத் தயிரைச் சட்டியோடு யாழ்ப்பாணத்துக்குக் கூரியரில் போட்டால் போய்ச் சேருவது தயிராகவும் இருக்காது, சட்டியாகவும் இருக்காது. ஆரையம்பதி, காத்தான்குடி, மட்டக்களப்பு நகரம் மட்டும் என்று தயிருக்கு ஒரு எல்லை போட்டுவிட்டால் அந்த ஊர்களுக்கு வெளியே அந்தச் சாமானை ஓடர் பண்ண விடாது.

விலாசப் படிவம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து ஆயத்தமாக வரும், மாநிலம் எது என்று கேட்கும். அதை எடுத்துவிடுங்கள். ஐந்து இலக்கத் தபால் குறியீட்டைக் கட்டாயமாக்காதீர்கள்; மட்டக்களப்புக்கு 30000 என்பது எத்தனை பேருக்கு ஞாபகம்? 'பிள்ளையார் கோயிலடி, வாசிகசாலைக்குப் பின் வளவு' என்று எழுத இடம் விடுங்கள், கூரியர் பொடியன் எப்படியும் அதைத்தான் கேட்பான். தொலைபேசி இலக்கம் மட்டும் கட்டாயம், அதில் பத்து இலக்கம் இருக்கிறதா என்று தளம் பார்த்துக்கொள்ளட்டும். பெயர் பதிந்தால்தான் வாங்கலாம் என்று வைக்காதீர்கள், ஒரு சாரன் வாங்க வந்தவர் உங்களுக்காகப் புதிதாக ஒரு பாஸ்வேர்ட் ஞாபகம் வைக்க மாட்டார். பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எதற்கு? இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், தேவையில்லாததைச் சேர்த்து வைத்தால் களவு போகும் நாளில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

காசாளர் மேசை

இப்போதுதான் காசுக்கு வருகிறோம், அதாவது காக்கா முதலில் கேட்டதற்கு.

நம் பக்கத்தில் நடப்பில் இருப்பது மூன்று வழி. முதலாவது, சாமான் கைக்குக் கிடைக்கும்போது காசு. கூரியர்காரர் வாங்கிச் சில நாளில் உங்கள் கணக்கில் போடுவார். வாங்குபவருக்கு இதில்தான் நம்பிக்கை கூட. உங்களுக்கு இருக்கும் ஆபத்து, ஆள் கதவைத் திறக்காமல் விட்டால் போக வரக் கூலி உங்கள் தலையில். அதனால்தான் அனுப்ப முதல் ஒரு கோல் எடுத்து உறுதிப்படுத்துவது; காக்காவின் அந்த முதல் நாலு ஓடரும் இந்த வகைதான், காசு பின்னால் வந்தது.

இரண்டாவது, வங்கிக் கணக்குக்குக் காசைப் போட்டுவிட்டுச் சிலிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது. நல்ல வழிதான், செலவும் குறைவு. ஒரே ஒரு சட்டம்: படத்தைப் பார்த்து அனுப்பாதீர்கள், கணக்கைப் பார்த்து அனுப்புங்கள். சிலிப்பின் படத்தில் தொகையை மாற்ற இப்போது போனே போதும்.

மூன்றாவது அட்டை. இதற்குக் கேட்வே வேண்டும். கேட்வே என்பது வங்கிகளுக்கும் உங்கள் தளத்துக்கும் நடுவில் நின்று அட்டைக் காசை வாங்கித் தரும் சேவை. இலங்கையில் பேஹியர், வெப்எக்ஸ்பே போன்றவை இருக்கின்றன, சில வங்கிகளும் தருகின்றன. ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு வீதத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்புவார்கள். பதிவதற்குப் பெரும்பாலும் வியாபாரப் பதிவு, வங்கிக் கணக்கு விபரம் எல்லாம் கேட்பார்கள். 'கார்ட் போட அனுமதி வேண்டும்' என்று சொல்வது இதைத்தான். கூடைக்கு எந்த அனுமதியும் வேண்டாம்.

அட்டையால் கட்டும்போது உள்ளே நடப்பதை மெதுவாகப் பார்ப்போம். வாங்குபவர் 'கட்டு' என்று தட்டியதும் உங்கள் தளம் அவரைக் கேட்வேயின் பக்கத்துக்கு அனுப்பிவிடுகிறது, கூடவே ஓடர் இலக்கமும் மொத்தத் தொகையும் போகும். அட்டை இலக்கத்தை அவர் அங்கேதான் தட்டுகிறார். வங்கி போனுக்கு ஒரு ரகசிய இலக்கத்தை அனுப்பும், அதையும் அங்கேயே கொடுக்கிறார். உங்கள் தளம் இதில் ஒன்றையும் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. அட்டை விபரத்தைக் கையாள்பவர்களுக்குப் பிசிஐ என்ற கடுமையான பாதுகாப்பு விதிமுறை இருக்கிறது. அந்தத் தலையிடியைக் கேட்வே சுமக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கழிவு. அட்டை இலக்கத்தை உங்கள் படிவத்திலேயே வாங்கி மின்னஞ்சலில் அனுப்பி வைக்கும் ஒரு தளத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். யாராவது அப்படிச் செய்து தருவதாகச் சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

காசு எடுபட்ட பிறகு இரண்டு காரியம் நடக்கிறது, இதைத்தான் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் தவற விடுகிறார்கள். ஒன்று, கேட்வே வாங்குபவரின் பிரவுசரை உங்கள் தளத்தின் 'நன்றி' பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. மற்றது, யாருடைய கண்ணுக்கும் தெரியாமல் கேட்வேயின் சேவர் உங்கள் சேவருக்கு நேரடியாக ஒரு செய்தி அனுப்புகிறது: இந்த ஓடருக்கு இந்தத் தொகை வந்தது என்று, இரகசியக் கையொப்பத்தோடு. காசு வந்ததற்கு அத்தாட்சி இரண்டாவது மட்டும்தான். நன்றி பக்கம் என்பது வாங்குபவர் வந்து "நான் கட்டிட்டன்" என்று வாயால் சொல்வது போல. கட்டி முடித்த அந்த நொடியில் அவருடைய டேட்டா முடிந்துபோனால் நன்றி பக்கத்துக்கு வரவே மாட்டார், ஆனால் காசு எடுபட்டிருக்கும். அந்தப் பக்கத்தின் விலாசத்தைத் தெரிந்த ஒருவர் ஒரு சதமும் கட்டாமல் நேரே வந்தும் நிற்கலாம். தளம் நன்றி பக்கத்தை நம்பி ஓடரைக் 'கட்டப்பட்டது' என்று குறித்தால், கட்டியவருக்குச் சாமான் போகாது, கட்டாதவருக்குப் போகும்.

சுருக்கமாக: அட்டை இலக்கம் உங்கள் தளத்தைத் தொடக் கூடாது, கேட்வேயின் சேவர் நேரே சொன்னால்தான் காசு வந்ததாகக் கணக்கு.

சரி, எதைப் போடுவது?

பதினைந்து இருபது சாமான்தான், ஒரு நாளைக்கு ஓரிரு ஓடர்தான் என்றால் என் யோசனை வாட்ஸ்அப். ஒரு சின்னக் கூடையைப் பிரவுசருக்குள்ளேயே வைத்து, 'ஓடர் அனுப்பு' என்று தட்டியதும் பட்டியல் எழுதப்பட்ட செய்தியோடு, உங்கள் இலக்கத்துக்கு அனுப்பும் விதமாக வாங்குபவரின் வாட்ஸ்அப் திறக்கும்படி செய்துவிடலாம். உங்கள் இலக்கத்தை முன்னால் இருக்கும் 0 ஐ எடுத்துவிட்டு 94 போட்டு எழுத வேண்டும், இதில் பிழை விட்டுவிட்டு ஓடர் வரவில்லை என்று காத்திருந்தவர்கள் உண்டு. சேவர் விலையைச் சரிபார்க்காது, ஆகவே செய்தியில் வரும் தொகையை நீங்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். எப்படியும் நாம் ஆளோடு கதைத்துத்தானே விற்கிறோம்.

அதற்கு மேல் போனால் வேர்ட்பிரஸ் (இணையத்தளம் செய்யும் இலவச மென்பொருள்) தளத்தில் வூகொமர்ஸ். அந்தத் தளத்தைக் கடையாக்க 2011 இல் வந்த இலவசச் சேர்க்கை. மேலே சொன்ன விலைச் சரிபார்ப்பு, கையிருப்பு, எல்லை எல்லாம் அதற்குள் இருக்கின்றன, உள்ளூர்க் கேட்வேக்களும் இதற்கென்று இணைப்பு வைத்திருக்கிறார்கள். இலவசம் என்பது மென்பொருள் மட்டும். சேவர் வாடகை உண்டு, மாதத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க ஆள் வேண்டும். புதுப்பிக்காமல் விட்ட வேர்ட்பிரஸ் தளத்துக்குள் திருடர் புகுவது, திறந்து கிடக்கும் வளவுக்குள் மாடு புகுவது மாதிரி. 'ஹக் பண்ணிவிடுவார்கள்' என்ற பயத்துக்கு உண்மையான காரணம் இது, கூடை அல்ல.

ஷொப்பிஃபை மாதிரியான வாடகைக் கடைகளும் உண்டு. பராமரிப்புத் தலையிடி இல்லை, ஆனால் மாத வாடகை டொலரில். ரூபாவில் சாரன் விற்று டொலரில் வாடகை கட்டுவது எங்கள் அளவுக் கடைகளுக்குச் சரிவரும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களுக்குத்தான் பெரும்பாலும் விற்கிறீர்கள் என்றால் கதை வேறு.

திறக்க முதல் நீங்களே வாங்கிப் பாருங்கள்

கேட்வேக்கள் பரீட்சார்த்த முறை ஒன்றைத் தருவார்கள், அதில் பொய் அட்டையால் பொய்க் காசு கட்டிப் பார்க்கலாம். அது முடிந்ததும் உண்மையான அட்டையால் ஆகக் குறைந்த விலைச் சாமான் ஒன்றை வாங்குங்கள். உங்கள் நல்ல போனில் வேண்டாம், வீட்டில் இருக்கும் பழைய போனில், வைஃபையை நிறுத்திவிட்டு டேட்டாவில். பேஸ்புக் இணைப்பு வழியாக வந்து ஒன்று, குரோமில் ஒன்று. கட்டி முடிந்த உடனே டேட்டாவை நிறுத்தி ஒன்று. ஒரு ஓடரை நடுவில் விட்டுவிட்டு மறுநாள் வந்து பாருங்கள்.

நாங்கள் இவ்வளவும் செய்தோம். செய்யாமல் விட்டது ஒன்று. ஓடர் வந்தால் காக்காவுக்கு மின்னஞ்சல் போகும்படி வைத்திருந்தேன், போகிறதா என்று என் கணக்கில்தான் பார்த்தேன், அவருடையதில் பார்க்கவில்லை. நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓடரே இல்லை என்று அவர் சலித்துக்கொள்ள, கடைக்குப் போய் அவர் போனை வாங்கிப் பார்த்தால் ஸ்பாம் பெட்டிக்குள் பதினொரு ஓடர். அன்றைக்கு இரவு தறியடியில் இருந்த பொடியன்கள் எல்லாரும் பொதி கட்டினார்கள், நானும் கட்டினேன். இப்போது ஒவ்வொரு ஓடரும் அவருக்கு எஸ்எம்எஸ்ஸாகவும் போகிறது.